புதுக் குடித்தனத்துக்கு எந்தப் பாத்திரம்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எண்ணூரில் வேலை. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நின்று திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற அளவில் ஒரு சமையலறை. தனிக் குடித்தனம். பாத்திரக் கடைக்காரர் ‘சீர் செட்’ என்று ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறாராம். அதில் நாற்பத்தொரு சாமான்கள். “இவ்வளவையும் வாங்கினால் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில்தான் படுக்க வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. சீர்ப் பாத்திரம் என்பது சபையில் பரப்பி வைத்துப் பார்ப்பதற்காக வாங்குவது; சமையல் பாத்திரம் என்பது தினம் மூன்று வேளை அடுப்பில் ஏற்றி இறக்குவதற்காக வாங்குவது. இரண்டும் ஒன்றல்ல. சபைக்கு வந்த மாமிகள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்கள். அடி பிடிக்கிற பால் பாத்திரத்தோடு பத்து வருஷம் மல்லுக்கு நிற்கப் போகிறவள் அந்தப் பெண்தான்.

பாத்திரச் சண்டை சென்னைக்குப் புதிதல்ல. இன்று ‘அலுமினியமா, ஐயோ!’ என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்த அலுமினியப் பாத்திரத் தொழில் இந்தியாவில் வேர் விட்டதே நம் பட்டணத்தில்தான். 1898-ஆம் வருஷம், எழும்பூருக்குப் பக்கத்தில் இருந்த சென்னை கலைத் தொழிற் பள்ளியில் (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) ஆல்பிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினீயர் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யும் பரீட்சையை ஆரம்பித்தார். செம்பும் பித்தளையும் அடித்துக்கொண்டிருந்த கன்னார்களுக்கு ஒரு புதுத் தொழில் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கனமில்லை, ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறாது என்று ஜனங்களுக்கும் பிடித்துப் போயிற்று. சில வருஷங்களில் அந்தத் தொழில் சர்க்கார் கையிலிருந்து தனியார் கம்பெனியிடம் போய், ஊர் ஊராகப் பரவியது. நம் பாட்டிமார் அன்று அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “காற்றில் பறந்துவிடும் போலிருக்கிறதே, இதிலா சோறு பொங்குவது?” என்று சிரித்திருப்பார்கள். ஆனாலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அலுமினியக் குண்டானும் டேக்சாவும் இல்லாத வீடு இல்லை என்ற காலம் வந்தது. இன்றும் பிரியாணிக் கடை வாசலில் தம் போட்டு வைத்திருப்பது அலுமினிய டேக்சாதான்.

அடுப்பு மாறும்போதெல்லாம் பாத்திரமும் மாறியிருக்கிறது என்பதைக் கவனித்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். விறகடுப்புக்கு உருண்ட அடி வேண்டும். ஜ்வாலை பாத்திரத்தைச் சுற்றி ஏறும். வெண்கலப் பானையும் தவலையும் அப்படித்தான் இருந்தன. கரி பிடிக்காமலிருக்க அடியில் மண்ணைக் குழைத்துப் பூசி ஏற்றுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் சிலிண்டர் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. மெள்ள மெள்ள எல்லா ஊர்களிலும் காஸ் அடுப்பு வந்தது. உருண்ட அடி போய்த் தட்டை அடி வந்தது. இப்போது மின்சார இண்டக்ஷன் அடுப்பு. அதற்குத் தட்டை அடி மட்டும் போதாது, காந்தம் ஒட்டுகிற அடியாக இருக்க வேண்டும். ஆகவே பாத்திரம் வாங்கப் புறப்படுமுன் ‘எந்த அடுப்பு?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு இண்டக்ஷன் அடுப்பு கைகொடுக்கும் என்று நினைப்பவர்கள், குறைந்தது இரண்டு பாத்திரமாவது இரண்டிலும் ஏறுகிற மாதிரி பார்த்து வாங்குவது உத்தமம்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிற அழகுக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆனால் அந்தக் காந்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. சௌகார்பேட்டைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் ஒரு வசனம் உண்டு: “அம்மா, காந்தம் ஒட்டலை பாருங்க, அசல் எவர்ஸில்வர்!” இதில் பாதிதான் உண்மை. நல்ல எவர்ஸில்வர் என்று பெயர் பெற்ற 304 ரகத்தில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு குரோமியமும் எட்டு பங்கு நிக்கலும் இருக்கும். அதனால்தான் சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று முத்திரை பார்க்கிறோம். அதில் காந்தம் ஒட்டாது, வாஸ்தவம். ஆனால் நிக்கல் விலை அதிகம் என்பதற்காக அதைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த 200 வரிசை ரகங்கள் இருக்கின்றனவே, அவற்றிலும் காந்தம் ஒட்டாது! பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. வித்தியாசம் தெரிவது பிற்பாடுதான். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள இடத்தில் தம்பிக்கு முதலில் துரு விழும். நிக்கலே இல்லாத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், இண்டக்ஷனுக்கு ஆகும். அது மட்டம் என்று தள்ள வேண்டியதில்லை. டப்பா, தட்டு, மூடி இவற்றுக்கு அது போதும். ஆக, காந்தம் சொல்வது ‘இண்டக்ஷன் அடுப்பில் ஏறுமா, ஏறாதா’ என்பதை மட்டுமே. ரகத்தைத் தெரிந்துகொள்ள அடியில் உள்ள முத்திரையையும் ஐ.எஸ்.ஐ. குறியையும் பாருங்கள். பில்லில் ‘304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச்சு வளர்க்க வேண்டாம்.

எவர்ஸில்வர் பிறந்த கதையும் வேடிக்கையானது. 1913-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமலிருக்க ஒரு உருக்குத் தேடப் போய், துருப்பிடிக்காத உருக்கைக் கண்டார். அது கத்திக்குப் போயிற்று, கரண்டிக்குப் போயிற்று, கடைசியில் நம் வீட்டுக் காப்பி டம்ளருக்கு வந்தது. பழைய சரிகைப் புடவைக்கு ஒரு எவர்ஸில்வர் குடம் வாங்கிய பெருமையைச் சொல்லாத பெரியம்மாக்கள் வடசென்னையில் உண்டா? 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை தகடு உருட்ட ஆரம்பித்த பிறகு அது நம் ராஜ்யத்துச் சரக்காகவும் ஆகிவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் எவர்ஸில்வரில் பால் காய்ச்சினால் ஏன் அடி பிடிக்கிறது? அது உங்கள் கைக் குற்றமல்ல, உலோகத்தின் குணம். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் எவர்ஸில்வரைப் போல் சுமார் பதினைந்து மடங்கு கெட்டி. செம்பு அதையும் மிஞ்சும். எவர்ஸில்வரில் அடுப்பின் நெருப்பு விழுகிற வட்டம் மட்டும் கொதிக்கும். பக்கத்து இடம் ‘எனக்கென்ன’ என்று சும்மா இருக்கும். இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் இரண்டு எவர்ஸில்வர் தகட்டுக்கு நடுவில் அலுமினியத்தை வைத்து அழுத்திய ‘டிரை-பிளை’ பாத்திரம். உணவு படுவது எவர்ஸில்வர், சூட்டைப் பரப்புவது அலுமினியம். விலை ஜாஸ்திதான். அடி மட்டும் கனமாக ஒட்டியதைக் காட்டிலும் பக்கச் சுவர் முழுவதும் மூன்று தகடாக உள்ளது மேல். நாற்பத்தொரு சாமானில் இருபதை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் மூன்று லிட்டர் பிடிக்கிற டிரை-பிளை பாத்திரம் ஒன்று வாங்கினால், பால், சாம்பார், பாயசம் மூன்றுக்கும் வருஷக் கணக்கில் உழைக்கும் என்பது என் அபிப்பிராயம். சாதாரண எவர்ஸில்வரே போதும் என்பவர்கள் தகட்டின் கனத்தைப் பாருங்கள். கடையில் ‘கேஜ்’ என்பார்கள். அந்த எண் குறையக் குறையத் தகடு கனம். விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் நெளிகிற பாத்திரம் அடுப்புக்கு ஆகாது. அரிசி அளக்கத்தான் ஆகும்.

கடற்கரைப் பக்கத்து வாசகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எவர்ஸில்வர் பாத்திரத்தில் உள்ளே வெள்ளைப் புள்ளி புள்ளியாக அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் உப்பு. குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்து கரைகிற வரையில் அந்த இடத்தை அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. உப்பையும் புளியையும் எவர்ஸில்வர் டப்பாவில் வைக்கவே வேண்டாம். நம் முன்னோர் ஜாடியிலும் கல்சட்டியிலும் வைத்தார்கள். அதற்கு இப்போது பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி பாட்டில் போதும்.

மீன் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் ராயபுரம் பக்கத்துச் சமையலைப் பற்றி எழுதினால் காசிமேட்டில் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். அங்கே மீன் விற்கிற அம்மாள் ஒருவரிடம் எந்தச் சட்டி நல்லது என்று கேட்டேன். “இன்னாமா இப்டி கேக்குற? வஞ்சிரமோ சங்கராவோ, மண்சட்டில வச்சா நாளைக்குத் தின்னலாம். அலுமினியத்துல வச்சா இன்னிக்கே தின்னுடணும்” என்றார். ஒரே வாக்கியத்தில் ரசாயன சாஸ்திரம் முழுவதையும் சொல்லிவிட்டார். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. தக்காளியும் மாங்காயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமிலம் அலுமினியத்தைத் தின்னும். ராத்திரி முழுக்க ஊறினால் பாத்திரமும் கொஞ்சம் குழம்பில் கலந்துவிடும். மண்சட்டிக்கு அந்தப் பயம் இல்லை. அது மெள்ளச் சூடேறும், மெள்ள ஆறும். இறக்கின பிறகும் சற்று நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். மீன் உடையாமல் வேகிறது.

கொசப்பேட்டை குயவர்களிடமோ தெருவில் வருகிற வண்டியிலோ சட்டி வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்த சட்டி. ‘டொக்’ என்றால் விரிசல் இருக்கிறது. பளபளவென்று மெருகும் வர்ணமும் பூசியது சமையலுக்கு வேண்டாம். அந்த மெருகில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. வாங்கினவுடன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, அரிசி களைந்த கழுநீரை ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கழுவிப் புழங்க ஆரம்பிக்க வேண்டும். சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. மண் சோப்பை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் குழம்பில் திருப்பிக் கொடுக்கும். தேங்காய் நாரும் கடலை மாவும் போதும். காஸ் அடுப்பில் சிறு தீயில் ஆரம்பியுங்கள். சுடச்சுட இருக்கிற சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இவ்வளவு மரியாதை செய்தால் இரண்டு மூன்று வருஷம் உழைக்கும். மீனுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். உடைந்தால் நஷ்டம் ஒரு கிலோ நெத்திலியின் விலைகூட இராது.

இரும்பு விஷயத்துக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல்! தெருவில் நாலு பெண்கள் எதிரே வந்தால் அதில் இரண்டு பேர் என்று அர்த்தம். 1999-இல் வெளியான எத்தியோப்பியா தேசத்து ஆராய்ச்சி ஒன்று: சில வீடுகளுக்கு இரும்புப் பாத்திரமும் சில வீடுகளுக்கு அலுமினியப் பாத்திரமும் கொடுத்து, ஒரு வருஷம் கழித்துக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகமாகக் கூடியிருந்தது. சட்டியே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் பொரியலும் முட்டையும் எந்தச் சட்டியில் வேண்டுமானாலும் செய்யலாம் என்னும்போது, அதை இரும்பு வாணலியில் செய்தால் என்ன குறைந்து போகிறது? புளிக் குழம்பை மட்டும் அதில் விட்டு வைக்க வேண்டாம். கறுத்துப் போகும், துரு வாடையும் அடிக்கும். சமைத்தவுடன் வேறு பாத்திரத்தில் மாற்றிவிடுங்கள்.

வார்ப்பிரும்பு, தகட்டிரும்பு என்று இரண்டு வகை உண்டு. எண்ணூர்ப் பக்கம் லாரி என்ஜினுக்கு வார்ப்பு வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்: வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நாலு பங்கு வரையில் கரி உண்டு. சூட்டை நன்றாகத் தாங்கி நிற்கும். ஆனால் கல் தரையில் விழுந்தால் நெளியாது, உடையும். கனமும் அதிகம். மணிக்கட்டு வலியுள்ளவர்களும் வயதானவர்களும் பெரிய வார்ப்பிரும்பு வாணலியை வாங்கிவிட்டு அதைத் தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டாம். தகட்டிரும்பு வாணலியே அவர்களுக்குப் போதும். தோசைக் கல் மட்டும் வார்ப்பிரும்பாக இருக்கட்டும்.

தோசைக் கல்லைப் ‘பழக்குவது’ என்று நாம் சொல்வது என்ன? வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காய வைத்து, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்க்கிறோமே, அப்போது எண்ணெய் சூட்டில் இறுகி இரும்பின்மேல் மெல்லிய கறுப்புத் தோலாகப் படிகிறது. அந்தத் தோல்தான் தோசையை ஒட்டாமல் எடுக்க விடுகிறது. அதே கல்லில் எண்ணெயில்லாமல் சப்பாத்தி சுட்டால் தோல் எரிந்து போகும். மறுநாள் தோசை கல்லோடு கல்யாணம் செய்துகொள்ளும். ஆகவே ‘தோசைக் கல்லில் சப்பாத்தி சுடாதே’ என்று மாமியார் சொன்னால் அது வெறும் அதிகாரமல்ல, காரணத்தோடு சொன்னது. கழுவினால் உடனே துடைத்து, அடுப்பில் ஒரு நிமிஷம் காய வைத்து, சொட்டு எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். திருவொற்றியூர்க் கடற்காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், ஈரக் கல்லைச் செங்கல் நிறமாக்கிவிடும். திருவொற்றியூர்த் தாயாருக்கு என் யோசனை இதுதான்: புதுக் கல்லை வாங்கி மகளுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் பழகின கல்லை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதை நீங்கள் பழக்கிக்கொள்ளுங்கள். முதல் வாரமே பிய்ந்த தோசையைப் புருஷன் முன்னால் வைக்க வேண்டிய சங்கடம் அவளுக்கு வேண்டாம்.

ஒட்டாத பூச்சுப் பாத்திரம், அதாவது ‘நான்-ஸ்டிக்’, பாரிஸ் நகரத்துச் சரக்கு. 1954-இல் மார்க் கிரகுவார் என்ற பிரெஞ்சுக்காரர் தம்முடைய மீன்பிடி சாதனங்கள் சிக்காமலிருக்க டெஃப்லான் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, “அதை ஏன் என் வாணலிக்குப் பூசக் கூடாது?” என்று கேட்டார். ‘டெஃபால்’ என்று 1956-இல் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். தூண்டிலுக்குப் பூசினதை வாணலிக்குத் திருப்பிவிட்டது ஒரு வீட்டு அம்மாளின் மூளை என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அது நீடித்து உழைக்கிற பாத்திரமல்ல. வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் காய விட்டால், 260 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டிப் பூச்சு கெட ஆரம்பிக்கும். அந்தப் புகையில் கூண்டுக் கிளி செத்துப் போனதுண்டு. எவர்ஸில்வர் கரண்டியால் சுரண்டினால் பூச்சு போய்விடும். பூச்சு உரிந்தபின் அது வெறும் அலுமினியச் சட்டி. ஆப்பத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மரக் கரண்டியோடு. அதற்கு மேல் வேண்டாம்.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயம்.

கடைகளில் கனமாக, மங்கின வெள்ளி நிறத்தில், கை வைத்த வாணலியும் குண்டானும் விற்கிறார்கள். ‘இண்டாலியம்’, ‘ஹிண்டாலியம்’ என்று பெயர் சொல்வார்கள். அலுமினியக் கலவைதான். பெரிய தொழிற்சாலையில் தரம் பார்த்துச் செய்வது ஒரு ரகம். பழைய சாமானை உருக்கிச் செய்வது இன்னொரு ரகம். காயலான் கடை என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? கம்பி, என்ஜின் துண்டு, ரேடியேட்டர் என்று எல்லாம் ஒரே கொப்பரையில் உருகும்போது காரீயமும் அதில் கலந்துவிடும். 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தியா உள்பட பத்துத் தேசங்களிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை வாங்கிச் சோதித்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கில், சமைக்கும்போது உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று தெரிந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சுகாதார இலாகா குடியேறி வந்தவர்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பது ஏன் என்று தேடிக்கொண்டு போய், சமையலறை அலுமினியப் பாத்திரத்தில் வந்து நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் ஹிண்டாலியம் என்ற பெயரையே சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நம் சென்னைப் பள்ளிக்கூடங்களில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூறு மில்லிக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. காரீயம் அதிகமுள்ள குழந்தைகளுக்குக் கவனம் நிலைக்காமல் போவதையும் கண்டார்கள். இன்று அமெரிக்க டாக்டர்கள் 3.5 மைக்ரோகிராம் என்றாலே ‘எங்கிருந்து வருகிறது?’ என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் வருஷத்தோடு நம் நாட்டில் நின்றது. ஆனால் பழைய வீட்டுச் சுவர் வர்ணம், பாட்டரி உருக்குகிற இடம் என்று அது வருகிற வழிகள் இன்னும் உண்டு. தொழிற்சாலை நடுவே குடியிருக்கிற குழந்தை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதை அதன் தாயார் ஒருத்தியால் மாற்ற முடியாது. எந்தச் சட்டியில் சமைப்பது என்பதையாவது மாற்றலாம் அல்லவா? காரீயத்துக்கு நிறம், மணம், ருசி எதுவும் குழம்பில் தெரியாது. ஆகவே பெயரும் முத்திரையும் இல்லாத, எடை போட்டு மலிவாகக் கொடுக்கிற இண்டாலியச் சட்டியை வாங்காதீர்கள்; வீட்டில் இருந்தால் புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்தது எதையும் அதில் வைக்காதீர்கள். எவர்ஸில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை ஒன்றை 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் வெளியிட்டது. முத்திரையைக் கேட்டு வாங்குவதற்கு நமக்கு வெட்கம் எதற்கு?

ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கை. அசல் சொம்பு வெள்ளீயம். வெள்ளீயத்தின் விலை அதிகம், காரீயம் மலிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆசைப்பட்ட வியாபாரியும் இருக்கிறார். உலோகச் சோதனைச் சீட்டு கொடுக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எவர்ஸில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்து, பூண்டைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போடுங்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்பதால் சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பை ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை அடுப்பில் மறந்தவர்கள் அடுப்பு மேடையில் வெள்ளிக் குளம் கண்டிருக்கிறார்கள்.

“அப்படியானால் குக்கர்?” என்று கேட்பீர்கள். குக்கரும் பெரும்பாலும் அலுமினியம்தானே! பயப்பட வேண்டாம். நம் வீடுகளில் குக்கருக்குள் எவர்ஸில்வர் அடுக்கு வைத்துத்தான் அரிசியும் பருப்பும் வேக வைக்கிறோம். அலுமினியத்தில் படுவது அடியில் ஊற்றின தண்ணீர் மட்டுமே. குக்கருக்குள்ளேயே நேராகப் புளிசாதமும் பிரியாணியும் செய்கிறவர்கள் எவர்ஸில்வர் குக்கர் வாங்கட்டும். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரியில் கொதிக்கிறது. அதனால்தான் துவரம் பருப்பு சீக்கிரம் குழைகிறது. ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு டப்பா கட்ட வேண்டியவளுக்குக் குக்கரைவிடப் பெரிய தோழி கிடையாது. குக்கரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத குக்கரை விற்பதே சட்டப்படி குற்றம். ஆனாலும் தெருவோரத்தில் போலி இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி நுரைக்கிற பருப்பானால் பாதிதான். ரப்பர் வளையம் இறுகிப் போனாலோ விரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள், அதே கம்பெனி வளையமாக. வெயிட் உட்காருகிற துவாரத்தை வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பருப்புத் தோல் அடைத்திருந்தால் ஊதி எடுங்கள்.

பரண்மேல் பாட்டி காலத்துப் பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் இருக்குமே, அவற்றை என்ன செய்வது? எடைக்குப் போடாதீர்கள். வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கலாம். இப்போதும் அதற்கு ஈடில்லை. பித்தளையில் சமைப்பதானால் ஈயம் பூசியாக வேண்டும். இல்லாவிட்டால் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறி வாந்தி பேதியில் கொண்டு விடும். “ஈயம் பூசறதே!” என்று தெருவில் துருத்தியும் கரியும் நவச்சாரமுமாக வருகிறவரை இப்போது காண்பது அபூர்வம். கோவில் பாத்திரங்களுக்குப் பூசுகிறவர் யார் என்று கோவில் மடப்பள்ளியில் விசாரித்தால் விலாசம் கிடைக்கலாம். பூசும்போது பக்கத்திலிருந்து பாருங்கள், வெள்ளீயக் கம்பிதானா என்று கேட்டு. அவ்வளவு அலைய முடியாதவர்கள் தவலையை அலம்பிக் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈயப் பூச்சு வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தினம் தண்ணீரை மாற்றினால் போதும்; எலுமிச்சம் பழம் பிழிந்த பானகத்தை மட்டும் அதில் கரைத்து வைக்காதீர்கள்.